பனை இல்லாத பனையேறி

வெப்பமண்டலத் தூண்டில் ஏரிகள் ஒழுங்காற்று வாரியத்தின் மண்டல அலுவலகம் செங்கல்பட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் உண்டு. அதற்குள் நாற்காலிகளை அடுக்கி வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அதனால் மேலே போகிறவர்கள் படியில்தான் ஏற வேண்டும், போய்ச் சேர்ந்த பிறகு நின்றுகொண்டுதான் பேச வேண்டும். பெயரில்தான் வெப்பமண்டலம், உள்ளே நல்ல ஏசி.

இந்த வாரியம் எதற்கு ஆரம்பிக்கப்பட்டது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஊரில் தூண்டில் போடுகிறவர்கள் யாரையும் கேட்காமல் போட்டுக்கொண்டிருந்தார்கள், மீன்களும் யாரையும் கேட்காமல் கடித்துக்கொண்டிருந்தன. இப்படி இரண்டு தரப்பும் கேட்பாரற்று இருப்பதைப் பார்த்து மேலே யாருக்கோ மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

இத்ரீஸின் ஏரி மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் இருந்தது. ஏரி என்று அவர் சொல்லிக்கொள்வார். யாரோ செம்மண் தோண்டி எடுத்துவிட்டுப் போன பள்ளம்தான், மழைத்தண்ணீர் நின்று கோரைப்புல் முளைத்து அழகாகிவிட்டது. பஸ் ஸ்டாண்ட் அருகே தூண்டிலும் நரம்பும் தக்கையும் விற்றுக்கொண்டிருந்த இத்ரீஸ், கடையைக் கொடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் விட்டார். சிறுசேரியில் வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு வலிக்கிறவர்கள், சனி ஞாயிறில் கட்டணம் கட்டித் தண்ணீர் முன்னால் உட்கார்ந்து முதுகு வலித்துக்கொண்டு போவார்கள். பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டு மறுபடி தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அவர் மனைவி ஜஹனாராவுக்கு இது ரொம்ப நாள் புரியவில்லை.

"வுடறதுக்கு இன்னாத்துக்குப் புடிக்கறாங்க? ஜனங்களுக்குக் கிறுக்கு புடிச்சிக்கீதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் அவளுக்கும் அந்தக் கிறுக்கு பிடித்தது. ஏரியில் ஒரு கிழட்டுக் கட்லா இருந்தது. பெரிய தலை, தடித்த உதடு, உதட்டில் பழைய தூண்டில் காயங்கள். சிறுசேரியில் அதோடு படம் எடுத்துக்கொள்ளாத ஆள் குறைவு. ஜஹனாரா அதற்கு நவாப் என்று பெயர் வைத்தாள். காலையில் அவள் வளையல் சத்தம் கேட்டால் நவாப் கரைக்கு வந்துவிடும். தவிட்டு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதோடு வீட்டு விஷயமெல்லாம் பேசுவாள். பிள்ளை இல்லாத வீடு, பேசுவதற்கு நிறைய இருந்தது.

ஏரி வாசலில் இத்ரீஸே பெயின்டில் எழுதிய பலகை ஒன்று இருந்தது. 'இந்த ஏரியில் உங்கள் தூண்டிலில் சிக்கக்கூடிய மீன்கள்: கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, விரால், கெளுத்தி, பனையேறி.' இந்தக் கடைசிச் சொல்லில்தான் வினை வந்து உட்கார்ந்திருந்தது.

பனையேறி கையகலச் சின்ன மீன். தண்ணீர் கெட்டுப்போனால் செவுளை ஊன்றி ஊன்றித் தரையில் நடந்து வேறு தண்ணீர் தேடிப் போய்விடும். என்றைக்கோ ஒரு மழைநாளில் பனைமரத்தின் அடியில் யாரோ அதைப் பார்த்து, மரம் ஏற வந்திருக்கிறது என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் நிலைத்துவிட்டது. செங்கல்பட்டுப் பக்கத்தில் யாரும் இதுவரை அந்தப் பெயருக்குக் கணக்குக் கேட்டதில்லை.

கத்திரி வெயிலில் ஒரு நாள் வாரியத்தின் ஆய்வாளர் கேசவன் வந்தார். பலகையைப் படித்தார். ஜிலேபியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அதை அவர் சாப்பிட்டிருக்கிறார். பனையேறியில் விரலை வைத்தார். பெயின்ட் காய்ந்து வெகுகாலம் ஆகியிருந்ததால் விரலில் ஒட்டவில்லை.

"இன்னா பாய் இது?"

"மீன் சார்."

"மீனுன்னு தெரியுது. பனை எங்க?"

"பனை எதுக்கு சார்?"

"அப்ப அது எத்த ஏறும்?"

"எதையும் ஏறாது சார். சும்மா பேரு."

"பேரு சும்மாவா வெப்பாங்க? என் பேரு கேசவன். சும்மாவா வெச்சாங்க?"

வாழிடம் இல்லாத உயிரினத்தை விளம்பரம் செய்தது குற்றம் என்றும், விளக்கம் ஏற்கப்படும் வரை ஏரியின் இயக்கம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்றும் கேசவன் அறிவித்தார். பிறகு ஏரியில் எது இயங்குகிறது என்று சுற்றிப் பார்த்தார். மீன்கள் இயங்கிக்கொண்டிருந்தன, அவற்றுக்கு அரக்கு வைக்க முடியாது. கரையோரம் ஒரு மோட்டார் தண்ணீரை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் தண்ணீரில் காற்றுக் கலப்பது அந்த மோட்டார்தான். கேசவன் சுவிட்சை அணைத்தார், பெட்டியைத் துணியால் சுற்றினார், சிவப்பு அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்.

"சார், இந்த வெயில்ல மோட்டாரு ஓடலன்னா மீனு மூச்சு வுட முடியாது சார். செத்துப்பூடும்."

"தண்ணிலதான பாய் கீது? தரைல போட்டாதான் மீனு சாவும். நாளைக்கு ஆபீசுக்கு வந்து ஒரு விளக்கம் குடுங்க. ஒரே நாள் வேல."

அவர் பைக் திரும்பியதும் ஜஹனாரா அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

"மெழுகுதான? பிச்சிப்போட்டு சுவிட்ச போடுங்க."

"கவர்மெண்டு சீலும்மா. பிச்சா உள்ள தள்ளிடுவான், குத்தகையும் பூடும். நாளைக்கே முடிஞ்சிடும்ன்றாரு இல்ல?"

நாளைக்கு என்ற சொல்லை இத்ரீஸ் நம்பினார். அவர் செய்த ஒரே தவறு அதுதான். மற்ற தவறுகளையெல்லாம் வாரியம் பார்த்துக்கொண்டது.

மறுநாள் மூன்று மாடி ஏறிப் போனபோது பிரிவுக் கண்காணிப்பாளர் ஜோதிலட்சுமி அவரை அன்போடு வரவேற்றார். உட்காரச் சொன்னார், உட்கார ஒன்றும் இல்லாததைப் பார்த்து வருத்தப்பட்டார். நல்ல மனுஷி, அதுதான் பேஜார். கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

"உங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது பாய். ஆனா எனக்குப் புரிஞ்சு பிரயோஜனம் இல்ல, ஃபைலுக்குப் புரியணும். பாருங்க, கெளுத்திக்குச் சேறு காட்டியிருக்கீங்க. விராலுக்குக் கோரைப்புல் காட்டியிருக்கீங்க. பனையேறிக்குப் பனை காட்டல."

"அது பனை ஏறாது மேடம்."

"அப்படிச் சொல்லாதீங்க. ஏறாதுன்னா பேர் பொய்னு ஆகும். பொய்ப் பேர்ல உயிரினம் வெச்சிருந்தா அது இன்னும் பெரிய பிரிவு. உங்க நல்லதுக்குச் சொல்றேன், ஏறும்னே சொல்லிடுங்க."

"சரி மேடம், ஏறும்."

"அப்ப பனை எங்க?"

இத்ரீஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மேடம், பலகைல அந்தப் பேர அழிச்சிடறேன். மோட்டார வுட்டுடுங்க."

ஜோதிலட்சுமி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கின.

"அழிக்கிறதா? ஒரு இனத்தையா? உயிரினங்கள் அழியுதேன்னு உலகமே கவலைப்படுது. நீங்க எங்க வாரியத்துக்கே வந்து, அழிக்கிறேன்னு எங்கிட்டயே சொல்றீங்களே பாய்! நான் கேக்காத மாதிரி இருந்துடறேன். நீங்க ஒரு பனைக்கு ஏற்பாடு பண்ணுங்க."

இதற்கிடையில் ஏரியில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். இரவெல்லாம் மீன்கள் தண்ணீரில் இருக்கிற காற்றைச் சுவாசித்துத் தீர்த்துவிடும். விடியும் நேரத்தில்தான் திண்டாட்டம். மூன்றாம் நாள் விடியலில் இத்ரீஸ் போய்ப் பார்த்தபோது ஏரி முழுக்க வாய்கள். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சின்னச் சின்னதாகச் 'சப் சப்' என்று ஒரு சத்தம் ஏரி முழுக்கக் கேட்டது.

இருவரும் துணியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். இத்ரீஸ் வாளியில் மொண்டு தலைக்கு மேல் தூக்கித் தூக்கி ஊற்றினார். ஜஹனாரா ஒரு தென்னை மட்டையால் தண்ணீரை அடித்தாள். அடித்த இடத்தில் நுரை வரும், மீன்கள் அங்கே ஓடி வரும். நவாப் அவள் முழங்கால் பக்கத்திலேயே நின்றது.

"என்னியே பாக்கறான் இவன். எங்கிட்ட கேக்கறான். நான் இன்னா செய்வேன்?" என்று அழுதுகொண்டே அடித்தாள். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. வெயில் ஏறி, மீன்கள் கொஞ்சம் தெளிந்து கீழே போகும் வரை அவள் நிறுத்தவில்லை. இப்படியே தினமும் விடியலில் நடந்தது.

ஒரு விடியலில் கேசவன் ஆய்வுக்கு வந்துவிட்டார். கரையில் நின்று அத்தனை வாய்களையும் பார்த்தார். முகம் மலர்ந்தது. கைபேசியை எடுத்து அறிக்கையைச் சொல்லிப் பதிவு செய்தார்.

"மீன்கள் யாவும் நல்ல உடல்நலத்துடன் நீர்மட்டத்துக்கு வந்து, வாய் திறந்து, ஆய்வாளரை வரவேற்றன. இத்தகைய வரவேற்பு வேறு எந்த ஏரியிலும் இதுவரை கிடைத்ததில்லை."

"சார், அது மூச்சு முட்டுது சார்!" என்று தண்ணீரிலிருந்தே கத்தினார் இத்ரீஸ்.

அப்போதுதான் கேசவன் அவரையும் வாளியையும் மட்டையையும் கவனித்தார். முகம் மாறியது.

"இயக்கம் நிறுத்தி வெச்சிக்கீதுன்னு சொன்னேனா இல்லியா? நீங்க கையால இயக்கிக்கினு கீறீங்க."

வாளியின் காதில் அரக்கு வைத்தார். மட்டையின் அடியில் அரக்கு வைத்தார். ஜஹனாராவின் கைகளையும் ஒருமுறை பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் அரக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அன்றைக்குத்தான் முதல் ரோகு செத்து மிதந்தது.

படாளத்தில் இத்ரீஸுக்குத் தனகோடி என்று ஒரு சிநேகிதர். விவசாயம் பாதி, டிராக்டர் வாடகை பாதி. விஷயத்தைக் கேட்டதும் அவர் தன் வயல் வரப்பில் இடி விழுந்து மொட்டையாக நின்ற பனையைக் கீழே சாய்த்து, டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து, ஏரிக்கரையில் குழி வெட்டி நட்டுவிட்டார்.

"ஏறச் சொல்லு அண்ணாத்த உன் மீன. நானும் பாக்கறேன்" என்றார்.

கேசவன் வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தார். "பானை கட்டலியா?"

"இன்னா பானை சார்?"

"கள்ளுப் பானைதான். கட்டியிருந்தா கேசு. கட்டலைன்னா அதுவும் சிக்கல்தான். கள்ளும் எறக்காம, நொங்கும் வெட்டாம, சும்மா பனை ஏறுற மீனு சந்தேகத்துக்குரிய மீனு. இன்னொண்ணு, ஒசரத்துல வேல பாக்கறவங்களுக்கு இடுப்பு பெல்ட்டு கட்டாயம்."

"மீனுக்கு இடுப்பு ஏது சார்?"

"அதையே எழுதிக் குடுங்க. டாக்டர் சர்டிபிகேட்டோட."

தனகோடி வாயைத் திறந்தார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. மரத்துக்குத் தலை இல்லாததால் அது பனையா, பனையாக இருந்ததா என்று மரங்களுக்கான இன்னொரு வாரியத்திடம் கருத்துக் கேட்கப்பட்டது. அந்த வாரியம், மீன் ஏறிய பிறகு கேளுங்கள் என்று பதில் எழுதியது.

சனிக்கிழமை சிறுசேரியிலிருந்து பிரபா வந்தாள். நவாபை மூன்று முறை பிடித்து மூன்று முறையும் விட்டவள். ஏரியின் நாற்றத்தையும் ஜஹனாராவின் கைகளையும் பார்த்து அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போன மழைக்காலத்தில் பனையேறி ஒன்று பாதையைக் கடந்து நடந்துபோனதை அவள் வீடியோ எடுத்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு இத்ரீஸோடு மூன்று மாடி ஏறினாள்.

ஜோதிலட்சுமி வீடியோவை இரண்டு தடவை ரசித்துப் பார்த்தார். "அழகா நடக்குதும்மா. ஆனா இது தரைல நடக்குதே? அப்ப இது தரையேறி. பாய் சொல்றது பனையேறி. இப்ப ஏரில அறிவிக்காத இன்னொரு இனமும் இருக்குன்னு ஆகுது."

"மேடம், ரெண்டும் சேம் மீன். வெறும் நேம் மேடம்! அங்க டெய்லி செத்துட்டிருக்கு, அத ஃபர்ஸ்ட் பாருங்க ப்ளீஸ்."

"நீங்க யாரு?"

"கஸ்டமர்."

"மீன் சார்பாப் பேச மீன் உங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கா?"

பிரபா இத்ரீஸைப் பார்த்தாள். இத்ரீஸ் தரையைப் பார்த்தார். இறங்கும்போது இரண்டாவது மாடியில் நின்று அவள், "அங்கிள், சீல ஒடைங்க, நான் வரேன்" என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அனுமதி கிடைத்துவிடும் என்று இத்ரீஸ் சொன்னார். இத்தனை தரம் ஏறியாயிற்று, இப்போது விட்டால் ஏறியதெல்லாம் வீண் என்ற நினைப்பு அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நினைப்பில்தான் வாரியங்கள் பிழைக்கின்றன.

நான் சொல்கிற எல்லாவற்றையும் நம்பினாலும் அடுத்ததை நீங்கள் நம்பமாட்டீர்கள். வாரியம் அவருக்கு விருது கொடுத்தது.

மீன்நல வாரவிழா மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. அந்த மண்டலத்திலேயே சத்தமில்லாத ஏரி, மின்சாரம் துளியும் செலவழிக்காத ஏரி என்று இத்ரீஸின் ஏரி தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. மண்டல அலுவலர் ராஜாராம் மேடையில் பேசினார். கம்பீரமான குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு இருமல்.

"இந்த வாரியம் தொடங்கியபோது, இத்தனை அதிகாரிகள் எதற்கு என்று கேட்டார்கள். இன்று யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் கேட்பதற்கும் ஓர் அதிகாரியை நாங்கள் நியமித்துவிட்டோம். மீன்களுக்காகத்தான் நாங்கள் இருக்கிறோம். மீன்கள் இல்லாவிட்டாலும் இருப்போம். மீன் வரும், போகும். விதி நிற்கும். ஒரு மீன் தண்ணீருக்குள் மூச்சு விடுகிறதா என்பதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? ஆனால் அதன் கோப்பு மூச்சு விடுவதை நான் பார்த்திருக்கிறேன். என் மேசையில் தினமும் பார்க்கிறேன்."

பலத்த கைதட்டல். இத்ரீஸுக்குச் சால்வை போர்த்தி, ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, மீனெல்லாம் செத்துக்கினு கீது. விருது வாணாம். சால்வையும் வாணாம். அந்த மோட்டார மட்டும் போட வுடுங்க. உங்க கால்ல வுழறேன். என் பொஞ்சாதி சோறு துண்ணு நாளாச்சி. கையெல்லாம் புண்ணு. தண்ணில நின்னுகினே கீறா. போட வுடுங்க ஐயா."

ராஜாராம் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். அந்தப் படம் அழகாக வந்திருந்தது.

"பாய் உணர்ச்சிவசப்படுகிறார். விருது வாங்கும்போது எல்லோருக்கும் வருவதுதான். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், விரால் வறுவல் இருக்கிறது."

அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஏரிக்கு வந்தபோது ஜஹனாரா கரையில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீரில் இல்லை, கரையில். அதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நவாப் ஆழமில்லாத இடத்தில் பக்கவாட்டில் கிடந்தது. வாய் திறந்தே இருந்தது.

"தவிடு போட்டேன். வாய்ல வாங்கிச்சி. முழுங்கல" என்றாள்.

தலைப்பக்கம் கனத்தது, இருவரும் சேர்ந்துதான் தூக்க வேண்டியிருந்தது. கரையில் குழி தோண்டினார்கள். வெறும் மண்ணில் போட இத்ரீஸுக்கு மனம் வரவில்லை. வாரியம் போர்த்திய சால்வையில் சுற்றி அதைப் புதைத்தார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் அழுதார்கள். ஒரு மீனுக்காக இவ்வளவா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

மறுநாள் காலை இத்ரீஸ் ஒரு காரியம் செய்தார். கோரைப்புல்லுக்குள் கைவிட்டுப் பனையேறி ஒன்றைப் பிடித்தார். ஒரு காலி பெயின்ட் டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் விட்டார். பஸ் ஏறி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனார். ஏறுமோ ஏறாதோ, இந்தப் பிராணியை அவர்களே கண்ணால் பார்த்துவிடட்டும், மிச்சமிருக்கிறவையாவது பிழைக்கட்டும் என்று நினைத்தார்.

கீழே காவல்காரர் கண்ணாயிரம் மடக்கினார். கையில் துடைப்பம், படிகளைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"டப்பால இன்னா பாய்?"

"மீனு."

"உசுரோடயா? உசுரோட மேல வுட மாட்டாங்க பாய். மேலருந்து பாஸ் வாங்கியா. இத இப்டி படிக்கட்டாண்ட வெச்சிட்டுப் போ."

இத்ரீஸ் டப்பாவைப் படிக்கட்டின் அடியில் வைத்துவிட்டு மூன்று மாடி ஏறினார். ஒரு மீன் மூன்று மாடி ஏறிவர அனுமதிக்க முடியுமா என்று ஜோதிலட்சுமி விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்போது கீழேயிருந்து கண்ணாயிரம் போட்ட கூச்சல் மேலே வரை கேட்டது.

எல்லோரும் ஓடி இறங்கினார்கள். இத்ரீஸ்தான் முதலில் போனார். டப்பா சாய்ந்து கிடந்தது. ஈரமாக இருந்த நாலாவது படியில் பனையேறி செவுளை விரித்து ஊன்றி, வாலால் உந்தி, ஐந்தாவது படிக்கு எம்பிக்கொண்டிருந்தது. விழுந்தது. மறுபடி எம்பியது.

மண்டல அலுவலர் ராஜாராம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இருமினார். மீனைப் பார்த்தார். அவர் முகத்தில், இத்தனை கால அரசாங்கச் சேவையில் ஒருமுறைகூட வராத ஒரு யோசனை வந்தது தெரிந்தது.

"ஜோதிலட்சுமி, அது என்ன செய்கிறது?"

"படி ஏறுது சார்."

"இன்னொரு முறை சொல்லுங்கள்."

"படி... ஏறுது சார்."

"பனையேறி இல்லையம்மா. படியேறி! நடுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. பலகை எழுதியவருக்குக் கையெழுத்துச் சரியில்லை, அவ்வளவுதான். பனையே தேவையில்லை! படி இருக்கிறது, நம்மிடமே இருக்கிறது!"

கேசவன் கைதட்டினார். ஜோதிலட்சுமி மகிழ்ச்சியில் இத்ரீஸின் கையையே பிடித்துக் குலுக்கினார். ஃபைலுக்குப் புரிந்துவிட்டது. ஆணையை அன்றைக்கே தட்டச்சு செய்தார்கள். அத்தனை வேகத்தில் அந்த அலுவலகத்தில் எதுவும் நடந்ததில்லை. ஆணையில் புதிய மீனைப் பற்றிய குறிப்பை ஜோதிலட்சுமி வாசித்துக் காட்டினார்.

"படியேறி. வாரிய அலுவலகப் படிகளில் காணப்படுவது. எத்தனை முறை கீழே இறக்கிவிட்டாலும் மறுபடி ஏறும் இயல்புடையது. தண்ணீர் இல்லாமலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். சத்தம் போடாது. விவரம் சரியா பாய்?"

இத்ரீஸ் யோசித்துப் பார்த்தார். "சரியாத்தான் கீது மேடம்" என்றார்.

"இங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டார். ஆணையை வாங்கி மடித்தவர், மடிக்கும்போதுதான் கடைசி வரிகளைப் பார்த்தார். 'மேற்படி இனம் வெளிக்காற்றைத் தானே சுவாசிக்க வல்லது என நேரடி ஆய்வில் தெரியவந்துள்ளதால், ஏரிக்குக் காற்றூட்டும் மோட்டார் தேவையற்றதாகிறது. முத்திரை தொடரும். இதில் குறை உள்ளவர்கள் தலைமை அலுவலகத்தில், ஏழாவது மாடியில், மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.'

"மேடம், மத்த மீனு?"

"எந்த மீன் பாய்? பிரச்சினை இந்த மீனப் பத்தித்தான?" என்றார் ஜோதிலட்சுமி, அவ்வளவு அன்பாக.

இத்ரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். இறங்கி நடக்கும்போதே, ஏரி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, நாற்றம் தெரிந்தது. ஏரி வெள்ளையாக இருந்தது. வயிறு வயிறாக, கரைக்குக் கரை. ஜிலேபிகூட மிதந்தது. கெளுத்தியும் விராலும் சேற்றுக்குள் போயிற்றா செத்துப் போயிற்றா, தெரியவில்லை. மொட்டைப் பனையின் உச்சியில் ஒரு பருந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பனையில் ஏறியது கடைசியில் அது ஒன்றுதான்.

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். ஒரு கருங்கல்லை எடுத்தார். சுவிட்ச் பெட்டியின் அரக்கை ஒரே போடாகப் போட்டார். அது உண்மையில் வெறும் மெழுகுதான், பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிட்டது. சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமிக்கொண்டு சுழன்றது. தண்ணீர் பளபளவென்று எழும்பி, செத்த மீன்களின் மேல் விழுந்தது.

ஜஹனாரா வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டு ஓடி வந்தாள். மோட்டாரைப் பார்த்தாள். உடைந்த அரக்கைப் பார்த்தாள்.

"இப்பப் போட்டு?" என்றாள்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்ரீஸ் கல்லைக் கீழே போட்டார். முதல் நாளே சொன்னாளே, மெழுகுதானே என்று சொன்னாளே என்று வாய்விட்டு அழுதார். ஜஹனாரா புண்ணான கையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

பிறகு அவர் டப்பாவைச் சாய்த்துப் பனையேறியைத் தண்ணீரில் விட்டார். அது கொஞ்ச தூரம் போயிற்று. செத்த ரோகு ஒன்றைச் சுற்றியது. நின்றது. திரும்பியது. அரக்கு வைத்த தென்னை மட்டை கிடந்த இடத்தில் கரையேறி, செவுளை ஊன்றி, வாலால் உந்தி, மண்ணில் நடக்கத் தொடங்கியது. பலகையைத் தாண்டி ரோட்டுப் பக்கம் போயிற்று.

"எங்க போவுது அது?" என்றாள் ஜஹனாரா.

"அப்பீலுக்கு" என்றார் இத்ரீஸ். "ஏழாவது மாடி."

சொல்லிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தார்.